மதுரைக் கோட்டை வாசலில் அறைந்த தலைகள் | குந்துகாலிலிருந்து

வணக்கம் மக்களே. காற்று பலமாக இருக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது பாம்பன் தீவில் குந்துகால் கடற்கரை. பின்னால் தெரிவது விவேகானந்தர் நினைவு மண்டபம். 1897-இல் அவர் வந்து இறங்கிய இடம் என்றுதான் எல்லோரும் இங்கே வருகிறார்கள். நான் வந்தது அதற்கும் ஏழு நூற்றாண்டு முன்னால் இங்கே இறங்கிய ஒரு படைக்காக.

1160-களின் பிற்பகுதி. மதுரை அரியணைக்கு இரண்டு பேர் மோதுகிறார்கள். பராக்கிரம பாண்டியன் மதுரைக்குள் இருக்கிறான், குலசேகர பாண்டியன் வெளியே முற்றுகை போட்டிருக்கிறான். உள்ளே மாட்டிக்கொண்டவன் இலங்கையில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டு ஆள் அனுப்புகிறான். அங்கிருந்து இலங்காபுரித் தண்டநாயகன் என்ற தளபதியின் தலைமையில் படை புறப்படுகிறது. ஆனால் அது வந்து சேருவதற்குள் மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரம பாண்டியனை மனைவி, மக்களோடு கொன்றுவிட்டார்கள். வீரபாண்டியன் என்ற ஒரு மகன் மட்டும் தப்பினான்.

உதவி கேட்டவனே இல்லை. படை திரும்பிப் போயிருக்கலாம். பராக்கிரமபாகு அனுப்பிய செய்தி வேறு: மதுரையைப் பிடித்து அந்த மகனுக்குக் கொடு.

இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் இந்தப் படையெடுப்பை விரிவாகச் சொல்கிறது. இராமேசுவரத்தைப் பிடித்தார்கள். ‘குந்துகால’ என்ற இடத்தில் பராக்கிரமபுரம் என்று ஒரு கோட்டை கட்டினார்கள். கல்லால் மூன்று சுற்று மதில், பன்னிரண்டு வாசல், கடல் தண்ணீர் உள்ளே ஓட அகழிகள். அந்தக் குந்துகால இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கேமராவைச் சுற்றிக் காட்டுகிறேன், பாருங்கள். மணல், படகு, காயப்போட்ட வலை.

ஒரு விஷயத்தை என்னால் எளிதாகத் தாண்டிப் போக முடியவில்லை. பிடிபட்ட தமிழர்களைக் கப்பலேற்றி அனுப்பி, அநுராதபுரத்தில் ருவன்வெலிசாய தூபியைப் பழுதுபார்க்க வைத்தார்கள் என்று அதே நூல் சொல்கிறது. பெருமையாகச் சொல்கிறது. மதுரையில் யார் உட்கார வேண்டும் என்று இரண்டு பாண்டியர்கள் அடித்துக்கொண்டார்கள். செங்கல் சுமக்கக் கடல் கடந்து போனது இந்தக் கரைப்பக்கத்து ஆட்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தக் கல்லிலும் இல்லை.

சரி, போருக்கு வருவோம். குலசேகரனுக்குக் கொங்கிலிருந்து தாய்மாமன் பக்கத்துப் படை வந்தது. அதுவும் போதவில்லை. இலங்கைப் படை ஊர் ஊராகப் பிடித்து உள்நாட்டுக்குள் போய், பொன்னமராவதியில் ஒரு மூன்று நிலை மாளிகையைக் கொளுத்தியது என்கிறது சூளவம்சம். மதுரையும் அவர்கள் கைக்கு வந்தது. குலசேகரன் ஓடினான், சோழனிடம்.

அப்போது சோழ அரியணையில் இருந்தவன் இரண்டாம் இராசாதிராசன். அவனும் நேர்வழியில் வந்த மகன் இல்லை. முன்பு ஆண்ட இரண்டாம் இராசராசனின் பிள்ளைகள் கைக்குழந்தைகள் என்பதால், விக்கிரம சோழனின் பேரனான எதிரிலிப் பெருமாளைக் கொண்டுவந்து இராசாதிராசன் என்று பட்டம் கட்டினார்கள். அந்த நெருக்கடியில் அரச குடும்பத்தைக் காப்பாற்றிய பெருமான் நம்பிப் பல்லவராயர்தான் இப்போது பாண்டிநாட்டுக்குப் படையோடு போகிறார்.

அந்த நாட்களின் பயத்தை உணர வேண்டும் என்றால் காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டைப் படிக்க வேண்டும். தொண்டி, பாசிப் பகுதிகளில் நடந்த சண்டையைக் கேள்விப்பட்டு சோழ மண்டலமே நடுங்கியது என்கிறது. இலங்கைப் படை இராமேசுவரம் கோயில் கதவுகளைப் பெயர்த்தது, பூசையை நிறுத்தியது, பண்டாரத்தை அள்ளிப் போனது என்று அதில் இருக்கிறது. எதிரிலிசோழச் சம்புவராயன் என்ற தலைவன் கலங்கிப்போய், கௌட நாட்டிலிருந்து, அதாவது வங்கத்திலிருந்து, வந்திருந்த உமாபதிதேவர் என்ற சிவாசாரியரிடம் போய் நிற்கிறான். அவர் இருபத்தெட்டு நாள் பூசை செய்கிறார். அதன்பின் செய்தி வருகிறது: இலங்காபுரித் தண்டநாயகனும் மற்றவர்களும் தோற்றார்கள். நன்றியாக ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குக் கொடுத்துவிட்டான்.

எனக்கு இந்தப் போரின் மிக உண்மையான இடம் இதுதான். களத்திலிருந்து வெகுதூரத்தில், தகவல் வராமல், ஒருவன் இருபத்தெட்டு நாள் காத்திருக்கிறான்.

களத்தில் நடந்ததை மாயவரம் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. இலங்காபுரித் தண்டநாயகன் உள்ளிட்டோரின் தலைகளை மதுரை வாசலில் அறைய வேண்டும் என்பது அரச ஆணை. பல்லவராயர் அப்படியே செய்தார், குலசேகரனை மறுபடி மதுரையில் அமர்த்தினார்.

இப்போது சூளவம்சத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள். இந்தத் தோல்வி அதில் இல்லை! வீரபாண்டியனுக்கு ஆட்சி, பாண்டிய வெற்றியின் நினைவாக ஓர் ஊர், அதோடு கதை முடிகிறது. இலங்கை நூலை மட்டும் படித்தால் தளபதி வென்றவன், சோழர் கல்வெட்டை மட்டும் படித்தால் அவன் தலை வாசலில் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்று ஒவ்வொரு வீடியோவிலும் கெஞ்சுகிறேன்.

அந்த வாசலின் கதை இன்னும் முடியவில்லை. பராக்கிரமபாகு வட இலங்கையின் ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் பகுதிகளில் மறுபடி படகு கட்டி ஆள் திரட்டினான். சோழர்கள் அங்கே அடித்து யானைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அடுத்து அவன் வழியை மாற்றினான், குலசேகரனோடே உறவு வைத்துக்கொண்டான். குலசேகரனும் சம்மதித்தான். திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதை ஆத்திரத்தோடு சொல்கிறது: சோழனுக்கு விசுவாசமாக இருந்த தலைவர்களைக் குலசேகரன் எல்லையான வெள்ளாற்றுக்கு வடக்கே விரட்டினான். மதுரை வாசலில் இருந்த தலைகளையும் எடுக்கச் செய்தான்.

யாருக்காக அறைந்தார்களோ, அவனே எடுத்தான்.

அண்ணன் பல்லவராயன் என்ற அதிகாரி படையோடு போய்க் குலசேகரனைத் துரத்தினான். அரியணையில் உட்கார்த்தியது யாரை? அந்த வீரபாண்டியனை. அப்பா இலங்கையிடம் உதவி கேட்டுச் செத்தார், மகனுக்குச் சோழன் முடி சூட்டினான்.

அதுவும் நிலைக்கவில்லை. வீரபாண்டியன் இலங்கைப் பக்கம் சாய, 1178-இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் குலோத்துங்கன் விக்கிரம பாண்டியன் என்ற இன்னொருவனை ஆதரித்துப் படை எடுத்தான். கடைசிப் பெரிய சண்டை நெட்டூரில். அதன் பிறகுதான் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் வரும் புகழுரையில், ‘பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய’ என்று வருகிறது. தலையை வெட்டினான் என்று பலர் சொல்கிறார்கள். முடி சூடிய தலைமேல் கால் வைத்து உயிரோடு அனுப்பினான் என்பது நீலகண்ட சாஸ்திரியின் விளக்கம். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

நெட்டூர் சிவகங்கைப் பக்கம்தான். வெயில் ஏறுவதற்குள் கிளம்புகிறேன், அடுத்த வீடியோ அங்கிருந்து.