ஆகார் கண்ட கிணறு

நேயர்களுக்கு வணக்கம். கோடையில் தெருக்குழாயின் முன் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஏராளம்; அவர்களுக்கு ஆகாரின் தவிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. கிறித்தவ நேயர்கள் ஆகார் என்றும், இசுலாமிய நேயர்கள் அன்னை ஹாஜரா என்றும் அழைக்கும் இவர், ஆபிரகாமுக்கு, அதாவது இப்ராஹீம் நபிக்கு, முதல் மகனைப் பெற்றவர்.

விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலில் இவர் ஆபிரகாமின் மனைவி சாராவின் எகிப்தியப் பணிப்பெண். கருவுற்ற நிலையில் கொடுமை தாளாமல் ஓடியபோது, தன்னோடு பேசிய கடவுளுக்கு, ‘என்னைக் காண்கின்றவர்’ என்று பெயர் சூட்டுகிறார். அடிமைப்பெண் ஒருவர் கடவுளுக்குப் பெயர் சூட்டுகிறார் என்பதை மறுபடியும் சொல்கிறேன். பின்னர் அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீருமாக மகனோடு அனுப்பிவிடப்படுகிறார். பெயேர்செபா பாலைநிலத்தில் தண்ணீர் தீர்ந்ததும், பிள்ளையைப் புதரடியில் விட்டு, அவன் சாவதைக் காண மனமின்றி, அம்பு எறியும் தூரத்தில் உட்கார்ந்து அழுகிறார். கடவுள் கண்களைத் திறக்க, ஒரு கிணறு தெரிகிறது. யூதர்கள் தங்கள் புத்தாண்டின் முதல் நாளில் தொழுகைக்கூடத்தில் வாசிப்பது இந்த அதிகாரத்தைத்தான்.

இசுலாமிய மரபில் இடம் மக்கா, மகன் இஸ்மாயீல் கைக்குழந்தை. யாராவது தென்படமாட்டார்களா என்று ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஹாஜரா ஏழு முறை ஓடுகிறார். ஒரு முறைக்கு ஏறத்தாழ 450 மீட்டர். ஹஜ் சென்றுவந்த உறவினரைக் கேட்டால் அந்தத் தொங்கோட்டத்தில் கால் வலித்த கதையைச் சொல்வார்கள். ஆண்களும் பெண்களுமாக, ஒரு தாயின் பதற்றத்தை இன்றும் வணக்கமாக நிறைவேற்றுகிறார்கள். ஜம்ஜம் என்னும் நீரூற்று பொங்கியதும் அவர் முதலில் செய்தது, கைகளால் அதைச் சுற்றி வரம்பு கட்டியது. எங்கள் கடலோரத்தில், மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் நீர் மொண்ட பெண்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஒரு கை மொள்ளும்போது, மறு கை சரியும் மணலைத் தடுத்துக்கொண்டே இருக்கும். ஹாஜராவின் வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் அந்த மறு கைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இயேசுவின் தாய் மரியாளை, அதாவது இசுலாமியர் மர்யம் என்று அழைப்பவரைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம். 19ஆம் அத்தியாயத்துக்கு அவருடைய பெயரே தலைப்பு. பேரீச்ச மரத்தடியில், பிரசவ வேதனையில் தனித்துத் தவிக்கும் அவருக்கும், வருந்தாதே என்ற ஆறுதலோடு வரும் செய்தி, காலடியில் நீரோடை இருக்கிறது என்பதே. நன்றி, வணக்கம்.