ஒற்றை ஆளுக்கு அரைக் கிலோ மீன்

(காட்சி: ஞாயிறு காலை ஏழு மணி, பெங்களூரு சிவாஜிநகர். 1927-ல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட்டின் மீன் பகுதி.)

"அண்ணா, கால் கிலோ போதும்" என்றால் கடைக்காரர் முதலில் தராசைப் பார்ப்பார், அப்புறம் நம் முகத்தைப் பார்ப்பார். கால் கிலோவுக்காகச் செதில் உரித்து, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தர அவருக்கும் கட்டுப்படியாகாது. பின்னால் கூட்டம் வேறு நிற்கிறது. சரி, அரைக் கிலோ என்று ஏறிவிடுவோம்.

வீட்டில் ஒரே ஆள். பாதியை அன்று மதியமே சாப்பிட்டாயிற்று. மீதியை வாங்கிவந்த அதே பையோடு ஃப்ரீசரில் தள்ளிவிடுவோம். புதன்கிழமை எடுத்தால் கருங்கல். வெந்நீர் ஊற்றினால் வெளியே வெந்துவிடும், உள்ளே ஐஸ். வெள்ளிக்கிழமை குப்பை. இரண்டு வருடம் நானும் இப்படித்தான் காசைக் கொட்டினேன். அந்த மீதிப் பாதியை என்ன செய்வது என்பதுதான் இந்த வீடியோ.

(காட்சி: வரைபடம். மங்களூரு, மல்பே, சென்னையிலிருந்து பெங்களூருக்குக் கோடுகள்.)

பெங்களூரில் கடல் கிடையாது. மங்களூரு, மல்பேயிலிருந்து மலைப்பாதை ஏறியும், சென்னைப் பக்கமிருந்து நெடுஞ்சாலை வழியாகவும், ஐஸ் பெட்டியில் படுத்து வருகிற மீன் இது. கடல்மீனைக் காட்டி "இன்னிக்குப் பிடிச்சது சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

ஆனால் இரண்டு கடற்கரை மீனும் இங்கே வருவதில் ஒரு வசதி உண்டு. கிழக்கே மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் விசைப்படகு நிற்கும்போது மறுபக்கத்து மீன் வரும். ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும் இரண்டு பக்கமும் தடை. அந்த நாட்களில் விலையைக் கேட்டுவிட்டு, மீனின் கண்ணையும் பார்த்துவிட்டு, நேராகக் கோழிக்கடைக்குப் போய்விடுவேன்.

பேரில் குழப்பம் வரும். நம் கானாங்கெளுத்தி இங்கே பங்குடே. மத்தி என்றால் பூத்தாய். வஞ்சிரம் அஞ்சல், கிழங்கான் காணெ, இறால் சிகடி. சிவாஜிநகரில் தமிழிலேயே பேசி வாங்கலாம். மற்ற இடங்களில் இந்த ஐந்து பெயர்களும் கைகொடுக்கும்.

(காட்சி: விரல் செவுளைத் தூக்கிக் காட்டுகிறது.)

செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால் வேண்டாம். கண் புடைத்து நிற்க வேண்டும், குழிவிழுந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். மத்தியில் வயிற்றைப் பாருங்கள். வயிறு கிழிந்த மத்தியை யார் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். மீன் குளிர் விட்டுக் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். அது ஒருமுறை உருவாகிவிட்டால் கொதிக்கவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். "எனக்கு மீன் ஒத்துக்காது" என்று சொல்லும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது மீனா, அது வெயிலில் கிடந்த நேரமா என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு.

அதனால் கடையிலேயே இரண்டு கை ஐஸ் கேட்டு வாங்குங்கள், தருவார்கள். ஒரு தூக்குவாளியோ வெப்பம் புகாத பையோ கொண்டுபோங்கள். நான் இருப்பது பொம்மனஹள்ளியில். சில்க் போர்டு சிக்னலைத் தாண்டித்தான் வீடு. அந்தச் சிக்னலில் மனிதனே வாடிப்போகிறான், மத்தி எந்த மூலைக்கு?

(காட்சி: சமையல் மேடை. மூன்று சிறிய ஜிப் பைகள், ஒரு பழைய துண்டு.)

வீட்டுக்கு வந்ததும் முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். களைப்பாக இருக்கும், டீ குடிக்கத் தோன்றும். டீ அப்புறம். ஃபிரிட்ஜ் கெட்டுக்கொண்டிருப்பதை மெதுவாக்கும், கெட்டதை நல்லதாக்காது.

மீனைக் கழுவி, துண்டால் ஒற்றி ஈரம் எடுங்கள். மூன்று பங்காகப் பிரியுங்கள், ஒரு பங்கு ஒரு வேளைக்கு. இன்றைக்கு ஒன்று. நாளைக்கு ஒன்று, அது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். பச்சை மீன் அங்கே ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மூன்றாவது பங்கு ஃப்ரீசருக்கு. அதைப் பையில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் படுக்கவையுங்கள்.

தட்டையாக ஏன்? உருண்டையாகத் திணித்த பை மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பெரிய ஐஸ் படிகம் வளர்ந்து சதையைக் குத்திக் கிழிக்கும். உருகும்போது பையில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்குமே, அதோடு சாறும் ருசியும் போய்விட்டது என்று அர்த்தம். தட்டையான பை சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும்.

மசாலா தடவியே வைக்கலாமா என்று கேட்பீர்கள். மஞ்சள், மிளகாய்த்தூள் தடவலாம். எலுமிச்சை வேண்டாம், சதை வெளுத்து ரப்பராகிவிடும். மத்தி, கானாங்கெளுத்திக்கு உப்பும் வேண்டாம். எண்ணெய்ச் சத்துள்ள மீனில் உப்பு பட்டால் சீக்கிரமே சிக்கு வாடை வரும். இரண்டையும் பொரிக்கிற அன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறாலுக்கு வேறு வழி. தலையைக் கிள்ளிவிடுங்கள், தலையில் இருக்கிற செரிமானச் சாறு உடம்புச் சதையைக் குழைத்துவிடும். ஓட்டோடு ஒரு டப்பாவில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள். காற்றே படாது. நண்டு அன்றைக்கே குழம்பு, பேச்சே இல்லை.

(காட்சி: சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ். உள்ளே சின்ன ஃப்ரீசர், கட்டி கட்டியாகப் பனி.)

மீனை மாதக்கணக்கில் வைக்கலாம் என்று படிப்பீர்கள். அந்தக் கணக்கெல்லாம் மைனஸ் 18 டிகிரிக்கு. நம்மில் பலரிடம் இருப்பது சிங்கிள் டோர். அதன் சின்னப் பெட்டி அவ்வளவு குளிராக இருக்கும் என்று நம்ப முடியாது. உங்கள் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்கிறதா? இளகிப்போய்க் கிடந்தால் மீனையும் கறியையும் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். நான் என் ஃப்ரீசருக்கு அதற்கு மேல் தவணை தருவதில்லை.

இன்னொன்று, கரண்ட். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினேன். ஃப்ரீசரில் எல்லாம் கல் மாதிரி இருந்தது, சந்தேகமே வரவில்லை. கொழம்பு வைத்தபோது வீடே நாறியது. நான் இல்லாத நாட்களில் நீண்ட நேரம் மின்சாரம் போய், எல்லாம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புகிறேன். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. ஐஸுக்குள் இறங்கிக் கிடந்தால், ஃப்ரீசரில் உள்ளதெல்லாம் வெளியே. கரண்ட் போயிருக்கும்போது வீட்டில் இருந்தால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும்.

(காட்சி: கறிக்கடைப் பலகை, பிறகு மூன்று லிட்டர் குக்கர்.)

கறி இவ்வளவு பாடுபடுத்தாது. ஆட்டுக்கறித் துண்டு ஃபிரிட்ஜில் மூன்று நாள் நிற்கும்; கோழி இரண்டு நாள்தான். கொத்துக்கறியும் ஈரலும் வாங்கிய அன்றே. ஆட்டுக்கறி அரைக் கிலோவையும் சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு போட்டுக் குக்கரில் வேகவைத்துவிடுங்கள். ஆறியதும் வேகவைத்த தண்ணீரோடு மூன்று சின்ன டப்பா, இரண்டு ஃப்ரீசருக்கு. ஒன்று செவ்வாய்க்கிழமை குழம்பு, ஒன்று வியாழக்கிழமை சுக்கா. மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி என்று இந்த ஊரில் கறிக்கடை மூடும் நாட்களுக்கும் இந்த டப்பா உதவும்.

கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவுவதை மட்டும் விட்டுவிடுங்கள். தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் மேடை முழுக்கத் தெறிக்கும். மஞ்சள் போட்டுக் கழுவாமல் மனசு ஆறாது என்றால், பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலசி, அப்புறம் சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். எந்தப் பச்சைக் கறியும் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும். மேலே வைத்தால் அது சொட்டுவது தோசை மாவில்.

(காட்சி: காலை எட்டு மணி. ஃப்ரீசரிலிருந்து பை கீழ்த்தட்டுக்கு மாறுகிறது.)

உறைந்த மீனை ஆபீஸ் கிளம்பும்போது கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் வைத்துவிட்டுப் போங்கள். இரவு ஒன்பதரைக்கு வந்தால் இளகியிருக்கும். மறந்துவிட்டால் பையோடு பச்சைத் தண்ணீரில் போடுங்கள், தட்டையான பை அரை மணியில் இளகும். மேடையில் பகல் முழுக்க வைப்பது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமையே குழம்பு வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி. மீன் வாடைக்குக் காரணம் டிரைமெத்திலமின் என்ற காரப் பொருள். புளி அதைப் பிடித்துக் கட்டிவைத்துவிடும், காற்றில் பறக்க விடாது. ஃபிரிட்ஜில் மூன்று நாள் வரை வைக்கலாம். வைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் கொதிக்கவிடுங்கள். முழுச் சட்டியையும் தினம் சுடவைத்தால் மீன் கரைந்து முள்தான் மிஞ்சும்.

(காட்சி: குப்பை வண்டி தெருமுனை திரும்புகிறது.)

கடைசியாக, செதிலும் குடலும். கடையிலேயே விட்டுவிட்டு வந்தால் தொல்லையில்லை. வீட்டில் சுத்தம் செய்தால் அன்றைய குப்பை வண்டி அதற்குள் போயிருக்கும், மறுநாள் காலைக்குள் வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருப்பார். அந்தக் கழிவை ஒரு பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஈரக் குப்பையில் போடுங்கள். பையின் மேல் பேனாவால் கொட்டை எழுத்தில் "குப்பை" என்று எழுத மறக்காதீர்கள். நான் ஒருமுறை எழுதாமல் விட்டு, இரவு பத்து மணிக்கு வெங்காயம் வதக்கிய பிறகு அந்தப் பையைப் பிரித்தேன்.