நகம் ஏன் ஏடு ஏடாக உரிகிறது? மருதாணிக் கோடு சொல்லும் கணக்கு

[திரையில்: மோதிர விரலின் நகம், மிக அருகில். நுனிப்பக்கம் பாதி செம்மருதாணி நிறம், அடிப்பக்கம் பாதி வெளிர் நிறம்.]

வணக்கம். இந்த நகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு மாதங்களுக்கு முன்பு மருதாணி இலையை அரைத்து வைத்த விரல் இது. உள்ளங்கையில் பிடித்த சிவப்பு இரண்டே வாரத்தில் போய்விட்டது. நகத்தில் பிடித்தது மட்டும் அழியவில்லை, நுனியை நோக்கி நகர்ந்திருக்கிறது. அடியிலிருந்து நிறமில்லாத புது நகம் முளைத்து, பழையதைத் தள்ளிக்கொண்டே வருகிறது.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ஒரு முழு நகம் புதிதாக வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரலுக்கு ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு. ஆகவே "ஏழே நாளில் உறுதியான நகம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இன்று நீங்கள் வெட்டி எறியும் நுனி, ஆறு மாதத்துக்கு முன்பு பிறந்தது.

[திரையில்: நகத்தின் அடியில் உள்ள வெள்ளைப் பிறை.]

நகத்துக்கு உயிர் இருப்பது வேரில் மட்டும்தான். அந்த வேர் தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கட்டைவிரலில் தெரியும் வெள்ளைப் பிறை அதன் வெளிமுனை. நாம் பார்க்கும் நகம் கெரட்டின் என்ற புரதத்தாலான, உயிரற்ற தகடு. அதன் உறுதிக்குக் காரணம் அந்தப் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகள். நகத்தில் சுண்ணாம்புச் சத்து மிகச் சொற்பம். அதனால் நகத்தில் பாலைத் தேய்ப்பதால் பலன் இல்லை. வெள்ளைப் புள்ளி வந்தாலும் கால்சியம் குறைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சிறுவயதில் பறக்கும் கொக்கிடம் பூக் கேட்டு நகங்களை உரசினோமே, அந்தப் பூதான் இது. பெரும்பாலும் வேரில் பட்ட சின்ன அடியின் தடம். வளர்ந்து தானே போய்விடும்.

அப்படியானால் நகம் ஏன் உரிகிறது?

[திரையில்: பாத்திரம் தேய்க்கும் கைகள், நுரை, குழாய் நீர்.]

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். காலையில் அரிசி களைகிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், துணி அலசுகிறோம், மறுபடியும் பாத்திரம். ஒவ்வொரு முறையும் நகம் நீரை உறிஞ்சி உப்புகிறது, காய்ந்ததும் சுருங்குகிறது. நகம் மெல்லிய அடுக்குகளால் ஆனது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த ப்ளைவுட் பலகை ஓரத்தில் எப்படிப் பிரிகிறது? அதேபோலத்தான் நகத்தின் நுனியும் ஏடு ஏடாகப் பிரிகிறது. டீக்கடையில் நாள் முழுக்க தம்ளர் கழுவுகிறவரின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவருக்கு வேண்டியது விலை உயர்ந்த மாத்திரை இல்லை. நீருக்கும் நகத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு.

அந்தத் தடுப்பு உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தேங்காய் எண்ணெய்.

[திரையில்: ஈரக் கையைத் துண்டால் ஒற்றுவது, நகத்தின் அடியில் ஒரு துளி எண்ணெய்.]

பாத்திரம் கழுவி முடித்ததும் கையைத் துண்டால் ஒற்றுங்கள். விரல் இடுக்கிலும் ஈரம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நகத்தின் அடியிலும், தோலும் நகமும் சேரும் இடத்தில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கட்டைவிரலால் மெதுவாக நீவுங்கள். நுனியின் உட்புறத்தையும் விட்டுவிட வேண்டாம். இரவு படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. நல்லெண்ணெயும் ஆகும். எண்ணெய் நகத்துக்கு உணவாகாது, ஈரம் சட்டென்று ஏறி இறங்காமல் காக்கும். ரப்பர் கையுறை போடுகிறவர்கள் உள்ளே பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வியர்வையில் நகம் ஊறும்.

எலுமிச்சைச் சாறு, பூண்டு விழுது பூசச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். புளிப்பு தோலை எரிக்கும். பூண்டு புண்ணாக்கியே விடும்.

நகம் வெட்டக் குளித்த பிறகு உட்காருங்கள். மிருதுவாக இருக்கும், தெறிக்காது. அரம் போடும்போது ஒரே திசையில் இழுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் விளிம்பை அழகுக்காக வெட்டவே வேண்டாம். கிருமி உள்ளே போகாமல் அடைத்து நிற்கும் கதவு அது. அதைப் பிய்த்தால் அடுத்து வருவது நகச்சுற்று. நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகி வைப்பது நம் வழக்கம். அதைவிட, ஆரம்பத்திலேயே வெதுவெதுப்பான நீரில் விரலை முக்கி வையுங்கள். சீழ் கட்டிவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

[திரையில்: நடுவில் குழிந்த நகம், அதில் ஒரு துளி நீர் தேங்கி நிற்கிறது.]

இந்த நகம் கரண்டிபோலக் குழிந்திருக்கிறது. விட்ட துளி வழியாமல் நிற்கிறது. இரும்புச் சத்துக் குறைவு நீண்ட நாள் இருந்தால் இப்படி ஆகலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காருகிறவர்கள் அவர்கள்தான். முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, முட்டை, மீன், ஈரல் எதுவாயினும் உங்கள் தட்டிலும் விழட்டும். கூடவே நெல்லிக்காய் இருந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேர்வது குறையும். நகம் குழிந்திருந்தால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

நகத்துக்கும் முடிக்கும் என்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவையே அது மாற்றிக் காட்டக்கூடும்.

கடும் காய்ச்சல் கண்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து நகங்களில் குறுக்கே பள்ளம் தெரிந்தால் கலங்க வேண்டாம். காய்ச்சலின்போது வேர் சற்று நின்று மறுபடி ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால் தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

[திரையில்: அம்மியில் மருதாணி இலை.]

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விரலுக்காவது மருதாணி வையுங்கள். இலையை அரைத்தது மட்டும். கடையில் விற்கும் கறுப்பு மெஹந்தியில் கலக்கும் சாயம் தோலைக் கொப்பளிக்க வைக்கக்கூடும். அன்றிரவே எண்ணெய் தொடங்குங்கள். அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வருவதெல்லாம் உங்கள் கவனிப்பில் பிறந்த நகம். கோடு நுனியைத் தொடும் நாளில் உரிகிறதா என்று தடவிப் பாருங்கள்.