குறுக்கெழுத்தை நிரப்பியது போதும், ஒன்று உருவாக்குங்கள்

நண்பர்களே, குறுக்கெழுத்தை ஆசையாக நிரப்புகிற யாராலும் அதை உருவாக்கவும் முடியும், இதை நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஆங்கில நாளிதழில் பார்த்த கட்டத்தை அப்படியே எடுத்துவந்து அதில் தமிழ்ச் சொற்களை அடைக்கப் பார்க்கிறார்கள், பாதியில் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் போட்ட புதிரிலிருந்து வளர்ந்து வந்த அந்தக் கட்டங்கள் 26 எழுத்துகளுக்கானவை, அங்கே ஏறக்குறைய எந்த எழுத்தும் சொல்லின் எந்த இடத்திலும் வரும். நமக்கு 247 எழுத்து, அதிலும் ஒவ்வொன்றும் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று கட்டுப்பாடு வேறு.

மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. அ, ஆ போன்ற உயிரெழுத்து பொதுவாகச் சொல்லின் முதலில்தான் வரும், அதனால் ஒரு கட்டத்தில் 'அ' விழுந்தால் குறுக்காகப் போகும் சொல்லும் கீழே இறங்கும் சொல்லும் அங்கேதான் தொடங்கியாக வேண்டும், அரிசியும் அம்மியும் போல. ழ, ள, ற, ண, ன வரிசைகளிலும் சொல் தொடங்காது. கட்டத்தை வரைவதற்கு முன்பே இது மனதில் இருக்க வேண்டும்.

சரி, ஒன்று கட்டிப் பார்க்கலாம். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். (ஆங்கிலத்துக்குச் செய்த மென்பொருளை முதலில் நம்பாதீர்கள், 'வே' என்பதை வகரம் தனி, குறி தனி என்று இரண்டாக எண்ணிவிடும்.) முதல் வரிசையில் 'திருநெல்வேலி' என்று எழுதுங்கள், ஆறு எழுத்து. ஒன்று, மூன்று, ஐந்தாம் கட்டங்களிலிருந்து மட்டும் கீழே இறங்குவோம்: தி, நெ, வே. மூன்றிலும் சொல் தொடங்கும், நல்ல அதிர்ஷ்டம். இதே இடத்தில் 'தஞ்சாவூர்' போட்டிருந்தால் ஐந்தாம் கட்டத்தில் 'ர்' வந்து வழி அடைபட்டிருக்கும், அந்த ஊர் நடு வரிசைக்குத்தான் பொருந்தும்.

இப்போது 'தி'யிலிருந்து கீழே 'திண்ணை' இறக்கத் தோன்றும். ஆனால் மூன்றாம் வரிசை 'ணை'யில் தொடங்க வேண்டி வரும், அப்படி ஒரு சொல் கிடையாது. 'திருமணம்' போடுங்கள், மூன்றாவதாக 'ம' கிடைக்கிறது. அதிலிருந்து குறுக்கே 'மல்லிகை'. அதன் மூன்றாம் எழுத்து 'லி', மேலே நிற்பது 'நெ', நடுவில் ஒரே ஒரு கட்டம். 'நெல்லி' தானாக வந்து உட்காருகிறது! ஐந்தாம் கட்டத்தில் 'வேர்' இறக்கி, அதற்குக் கீழே கறுப்படித்துவிடலாம். இப்படி ஒரு சொல் இன்னொன்றைக் கூட்டி வருகிற சுகத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

நம் பத்திரிகைகளில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று திருப்பிப் போடும் வழக்கமும் உண்டு. நம் எழுத்துகளுக்கு அது நியாயமான சலுகைதான், தயங்காமல் பயன்படுத்துங்கள். எழுத்துகளைக் கலைத்துப் போட்டு 'குழம்பியுள்ளது' என்று எழுதுவது மட்டும் எனக்குப் பிடிக்காது, கட்டத்தை அமைத்தவரின் சிரமத்தை நிரப்புகிறவர் தலையில் ஏற்றுகிற காரியம் அது.

அப்புறம் குறிப்புகள். நேரான விளக்கம் முதலில் போதும். கை பழகியதும் மறைபொருள் வையுங்கள். 'திருநெல்வேலியின் கோடியில் தோட்டத்துக்குக் காவல் (2)' என்றால் விடை வேலி: ஊர்ப்பெயரின் கடைசி இரண்டு எழுத்து, தோட்டத்துக்குக் காவலும் அதுதான். இரண்டு வழியிலும் ஒரே விடைக்கு வந்து சேர வேண்டும், தேவையில்லாத ஒரு சொல்கூட குறிப்பில் இருக்கக்கூடாது. அதேபோல, யாருக்கும் தெரியாத இரண்டு சொற்களை ஒரே கட்டத்தில் வெட்டவிடாதீர்கள், அங்கே மாட்டிக்கொண்டவருக்கு வெளியே வர வழியே இருக்காது.

முடித்ததும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பென்சில் நெடுநேரம் நிற்கிற எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை அன்றிரவே மாற்றி எழுதுங்கள்.