கரும்புப் பணம் வந்ததும் மூளை ஏன் வேகமாச்சு? பணத்துக்குப் பின்னாடி நாம ஓடுற உண்மையான காரணம்

[திரையில்: 5 5 5]

திரையில எத்தனை எண் இருக்கு? யோசிக்காம டக்குனு சொல்லுங்க.

வாயில "அஞ்சு"ன்னு வந்துச்சா? விடை மூணு. கண்ணு அஞ்சைப் பார்த்ததும் வாய் அதையே சொல்லத் துடிக்கும். மூளை அதை இழுத்துப் பிடிச்சு, எண்ணிப் பார்த்து, மூணுன்னு சொல்ல வைக்கணும். அந்த இழுத்துப் பிடிக்கிற சக்தி இருக்கே, அதைத்தான் இந்த வீடியோ முழுக்கப் பார்க்கப் போறோம்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்கள்ல 464 கரும்பு விவசாயிகளுக்கு இதே சோதனையை ரெண்டு தடவை வெச்சாங்க. முதல் தடவை, எல்லாத்தையும் முடிக்க சராசரியா 146 விநாடி ஆச்சு. ரெண்டாவது தடவை 131 விநாடி, தப்பும் குறைஞ்சுது. இன்னொரு சோதனையும் உண்டு: வடிவங்களை வரிசையா காட்டி, விட்டுப்போன கட்டத்துக்கு எது பொருந்தும்னு கேட்பாங்க. அதுல சராசரியா 4.35 கேள்விக்குச் சரியா சொன்னவங்க, அடுத்த முறை 5.45 கேள்விக்குச் சரியா சொன்னாங்க. ஆளுங்க அதே ஆளுங்கதான், யாரும் நடுவுல உட்கார்ந்து படிக்கலை. இடையில அவங்க வாழ்க்கையில மாறினது ஒண்ணுதான். கரும்புப் பணம் கைக்கு வந்திருந்துச்சு.

செந்தில் முல்லைநாதன், ஆனந்தி மணி, எல்டர் ஷஃபிர், ஜியாயிங் சாவ் நாலு பேரும் செஞ்ச ஆய்வு இது. 2013-ல 'சயன்ஸ்' இதழ்ல வந்துச்சு. பின்னணி அவ்வளவு போதும், வயலுக்குப் போவோம்.

ஏன் கரும்பு? நெல்லோ கடலையோ எடுத்திருந்தா இந்த ஆய்வே நின்னிருக்காது. அங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு.

நெல் அறுவடைன்னா ஊரே ஒரே நேரத்துல அறுக்கும். அப்போ மனசு தெளிவா இருந்ததுக்குக் காரணம் பணமா, பொங்கலா, வெயில் தணிஞ்சதா, யாரால பிரிச்சுச் சொல்ல முடியும்? கரும்புல அப்படி இல்ல. வெட்டின கரும்பு காத்திருக்காது. நேரம் ஆக ஆகச் சாறுல இருக்கிற சர்க்கரை குறையும், எடையும் இறங்கும். ஊர்க் கரும்பு மொத்தத்தையும் ஒரே வாரத்துல அரைக்க எந்த ஆலையாலும் முடியாது. அதனால ஆலைதான் தேதி போட்டு வெட்டு உத்தரவு கொடுக்கும். உங்களுக்கு இந்த மாசம்னா, பக்கத்து வயல்காரருக்கு மூணு மாசம் கழிச்சு வரும். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே திருவிழா. ஆனா வரப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர் கையில காசு இருக்கு, அந்தப் பக்கம் இருக்கிறவர் கையில இல்ல. பணத்தை மட்டும் தனியா எடுத்து அளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா சொல்லுங்க!

இப்போ அந்த "கையில இல்ல" எப்படிப்பட்டதுன்னு பாருங்க. கரும்பு ஏறக்குறைய ஒரு வருஷப் பயிர். வருமானம் வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா வரும். செலவு தினம் தினம் வரும். அறுவடைக்கு முன்னாடி 100-க்கு 78 பேரோட பொருள் அடகுல இருந்துச்சு, பணம் வந்த பிறகு அது 4 பேரா இறங்கிடுச்சு. கடன் வெச்சிருந்தவங்க 100-க்கு 99-லேர்ந்து 13-க்கு வந்தாங்க. கம்மல் எப்போ மீட்கிறது, உரக்கடைக்காரர் கேட்டா என்ன சொல்றது, பள்ளிக்கூட ஃபீஸுக்கு யாரைக் கேட்கிறது... இதெல்லாம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்போது, "எண்ணிச் சொல்லு"ன்னு நாக்கைப் பிடிக்க மூளைக்கு ஏது இடம்? அந்த மனுஷனோட புத்தியில குறையே கிடையாது. இருக்கிற புத்தியில ஒரு பங்கைக் கடன் கணக்கு ஏற்கெனவே எடுத்துக்கிச்சு.

"சாப்பாடு குறைஞ்சதால இருக்கலாமே, உடம்பு அசதியா இருக்கலாமே?"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி, ஆய்வு செஞ்சவங்களும் கேட்டாங்க. சாப்பாட்டுச் செலவுல பெருசா வித்தியாசம் இல்ல. வெட்டு வேலையை வெளி ஆளுங்க செய்றதால உடம்பு அசதியும் காரணம் ஆகலை. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் அளந்து கழிச்ச பிறகும் வித்தியாசம் நின்னுச்சு.

ஒரு எதிர் சாட்சியையும் சொல்லிடணும். அமெரிக்காவுல சம்பள நாளுக்கு முன்னாடியும் பின்னாடியும் இதே மாதிரி சோதிச்சு 2016-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல மூளை வேகத்துல வித்தியாசம் தெரியலை. என் கணிப்பு இது: ரெண்டு வாரத்துல சம்பளம் கண்டிப்பா வரும்னு தெரிஞ்சவரோட இறுக்கமும், வருஷத்துக்கு ஒரு தடவை ஆலை தர்றதை நம்பி இருக்கிறவரோட இறுக்கமும் ஒண்ணு கிடையாது.

சரி, "எவ்வளவு சம்பாதிச்சா சந்தோஷம்?" இதை வேகமா முடிச்சிடுறேன். 2010-ல டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கக் கணக்குல வருஷத்துக்கு 75,000 டாலர் வரைக்கும்தான் அன்றாடச் சந்தோஷம் கூடுதுன்னாங்க. 2021-ல மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் அப்படி நிக்கிறதே இல்லன்னார். 2023-ல கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் ஒண்ணா உட்கார்ந்து பார்த்தப்போ, பெரும்பாலானவங்களுக்குக் கூடிக்கிட்டேதான் போகுது, ரொம்ப வாடியிருக்கிற அஞ்சுல ஒரு பங்கு பேருக்கு மட்டும் ஒரு இடத்துல நிக்குதுன்னு தெரிஞ்சுது. இதுல மறக்கக் கூடாதது மடங்குக் கணக்கு. 10,000 சம்பளம் 20,000 ஆகுறப்போ வர்ற ஏத்தமும், 1 லட்சம் 2 லட்சம் ஆகுறப்போ வர்ற ஏத்தமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால மேல போகப் போக, அதே சந்தோஷத்துக்குப் பத்து மடங்கு ஓடணும்.

அப்போ நாம எதுக்குத்தான் ஓடுறோம்? நான் சொல்றது, "முடியாது"ன்னு சொல்ற தெம்புக்காக. செங்கல் சூளைக்குப் போற குடும்பத்தைப் பாருங்க. சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே முன்பணம் வாங்கியிருப்பாங்க. அது கழியுற வரைக்கும் கூலி குறைஞ்சாலும், உடம்பு முடியலைன்னாலும் சூளையை விட்டு நகர முடியாது. கடனைக் காட்டி ஆளைப் பிடிச்சு வைக்கிறதுக்குச் சட்டத்துல பேர் கொத்தடிமை முறை. 1976-லயே தடை செஞ்சாச்சு, அந்தக் கடனும் சட்டப்படி ரத்து. யாராவது அப்படி மாட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சா கோட்டாட்சியர்கிட்டயோ கலெக்டர் ஆபீஸ்லயோ புகார் கொடுங்க. விடுதலைச் சான்று கட்டாயம் கேட்டு வாங்கணும். அது இல்லாம மறுவாழ்வு உதவி நகராது.

அவ்வளவு கொடுமையா இல்லாம, நம்ம தெருவுலயே நடக்கிற ஒண்ணு தண்டல். கணக்கு 10,000 ரூபாய், கையில தர்றது 8,500, தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். "1,500 தானே, 15 சதவீதம்"னு தோணும். நிறுத்தி யோசிங்க. அம்பதாவது நாள்லயே 5,000 திருப்பிக் கொடுத்தாச்சு. 100 நாளும் சராசரியா உங்க கையில இருந்தது ஏறக்குறைய 4,500 ரூபாய்தான். அதுக்கு 100 நாள்ல 1,500 வட்டி. மாசத்துக்கு நூத்துக்குப் பத்து ரூபாய், வருஷத்துக்குச் சுமார் 120 சதவீதம்!

[திரையில்: 8,500 → 100 × 100 நாள் → வருஷம் சுமார் 120%]

இதுலேர்ந்து வெளிய வர ஒரு வழி இருக்கு, தயவுசெஞ்சு கவனமா கேளுங்க. 100 நாள் தினம் 100 ரூபாய் எடுத்து வைக்க முடிஞ்சிருக்குன்னா, அந்தப் பழக்கம் உங்களுக்கு வந்தாச்சு. தண்டல் முடிஞ்ச மறுநாள் காலையில அந்த 100 ரூபாயை நிறுத்தாதீங்க. அதே நேரத்துல அதே தொகையை உங்களுக்கே கட்டுங்க. அடுத்த 100 நாள்ல 10,000 உங்க பேர்ல நிக்கும், அடுத்த தேவைக்குத் தண்டல்காரர் வேண்டாம்.

எவ்வளவு வரைக்கும் சேர்க்கணும்? தவிர்க்கவே முடியாத செலவை மட்டும் எழுதுங்க. வாடகை 6,000, மளிகை காய்கறி 7,000, ஸ்கூல் வேன் 1,500, கேஸ் கரண்ட் 1,500. மொத்தம் 16,000. முதல் இலக்கு ஒரு மாசச் செலவு அவ்வளவுதான், தினம் 100 வெச்சா அஞ்சரை மாசத்துக்குள்ள வந்துடும். அப்புறம் மூணு மாசம், ஆறு மாசம்னு ஏத்திக்கலாம். வருமானம் சீசனுக்கு வர்றவங்க ஆறு மாசத்துக்குக் கீழ நிக்காதீங்க.

எங்க சறுக்குதுன்னா, முதல்ல ஜிபே இருக்கிற கணக்குலயே வைக்கிறது. டீ, ரீசார்ஜ், ஆட்டோன்னு கரைஞ்சே போயிடும். யுபிஐ இணைக்காத, ஏடிஎம் கார்டு வாங்காத தனிக் கணக்கா தொடங்குங்க. டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும் காப்பீடு இருக்கு, பயம் வேண்டாம். அடுத்த சறுக்கல், சேர்ந்ததும் நகை வாங்கிடுறது. தங்கம் நல்ல சொத்துதான், மறுக்கலை. ஆனா செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி கொடுத்து வாங்கி, ஆஸ்பத்திரிச் செலவுன்னு வந்ததும் அதையே அடகு வெச்சா, நம்ம காசுக்கு நாமளே வட்டி கட்டுறோம். பிரிட்டன்ல 585 வங்கி வாடிக்கையாளர்களை வெச்சு 2016-ல ஒரு ஆய்வு வந்துச்சு. கடனும் முதலீடும் எவ்வளவு இருந்தாலும் சரி, உடனே எடுக்கக்கூடிய இருப்பு கூட இருந்தவங்கதான் வாழ்க்கை திருப்தியா இருக்குன்னு சொன்னாங்க. நிலமும் நகையும் இருந்தும் தூக்கம் வராதவங்க வீடு எத்தனை நம்ம ஊர்ல!

அந்தப் பணத்தை ஒரு தடவை எடுத்துட்டா கூச்சப்படாதீங்க, அது எடுக்கத்தான் இருக்கு. மறுநாள்லேர்ந்து திரும்ப 100.

இப்போ எனக்கு ஒண்ணு சொல்லுங்க. உங்க வீட்டுல சம்பளப் பணம் மாசத்துல எந்தத் தேதியோட தீருது? பேர், ஊர் எதுவும் வேண்டாம், தேதியை மட்டும் கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல அந்தத் தேதியை எப்படித் தள்ளிப் போடலாம்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.