கணியமும் கடல்குதிரையும்

(கடற்கரை ஊர் ஒன்றின் நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நடுவில் இருக்கிற பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் வாங்க மக்கா, பின்னால் அம்மாமார் நிற்கிறார்கள்.

விழாக் குழுத் தம்பி ‘ஹார்மோனும் மூளையும்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, “ஆணுக்குத் திசை தெரியும், பெண்ணுக்கு மனசு தெரியும், அதைப் பற்றிச் சொல்லுங்க சார்” என்றார். அவர் பாதிப் பேச்சை முடித்துவிட்டார். மீதிதான் எனக்கு.

என் அப்பா மணக்குடிப் பக்கம் கட்டுமரத்தில் போனவர். மீன் கிடக்கிற பார், அதாவது பாறைத்திட்டு, கடலுக்கடியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கரையைத் திரும்பிப் பார்ப்பார். கோயில் கோபுரமும் அதன் பின்னால் மருந்துவாழ்மலை முனையும் ஒரே கோட்டில் வரவேண்டும். இன்னொரு பக்கம் ஒரு தென்னையும் ஒரு மேடும் சேரவேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலை இறக்குவார். இதுதான் கணியம். உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வித்தைக்கு மூளையில் முக்கியமான இடம் ஹிப்போகாம்பஸ். 1587இல் அராண்சி என்ற இத்தாலிய மருத்துவர் அதற்குப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் கடல்குதிரை என்று பொருள். வடிவம் அப்படி, நம் வலையில் சிக்குமே, அதேதான். 1971இல் மூளை ஆய்வாளர் ஜான் ஓகீஃப் எலியின் ஹிப்போகாம்பஸில் ஒரு விந்தையைக் கண்டார். எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வரும்போது மட்டும் ஒரு செல் துடிக்கிறது, வேறொரு மூலைக்கு வேறொரு செல். மூளைக்குள்ளேயே கணியம்! 2014இல் அவருக்கும் மோசர் தம்பதிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அங்கே மூளை ஆய்வாளர் எலினார் மகுவாயர் 2000இல் 16 ஓட்டுநர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார். கடல்குதிரையின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிது. (16 பேரும் ஆண்கள். இதை யாரும் கவனிப்பதில்லை.) பிறவியிலேயே பெரிதாக இருந்திருக்கலாமே என்று கேட்டார்கள். 2011இல் அவருடைய குழு பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலும், அவர்களில் திரும்பி வந்தவர்களை முடிவிலும் அளந்தது. தொடக்கத்தில் வித்தியாசம் இல்லை. தேறிய 39 பேருக்கு மட்டும் அது வளர்ந்திருந்தது.

சரி, ஹார்மோனுக்கு வருகிறேன். ஹார்மோனுக்கு வேலையே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு உருவத்தை மனசுக்குள் சுழற்றிப் பார்க்கிற சோதனையில் ஆண்களின் சராசரி கூடுதலாகத்தான் வருகிறது. பொருளை வைத்த இடத்தை நினைவில் வைக்கிற சோதனையில் பல நேரம் பெண்கள் முந்துகிறார்கள். விலங்குகளில் இன்னும் தெளிவு. வட அமெரிக்காவில் வோல் என்று சின்ன எலி உண்டு. அதில் ஒரு வகையில் ஆண் பல துணைகளைத் தேடி அலையும். அந்த ஆணுக்குக் கடல்குதிரை பெரிது. ஒரே துணையோடு வாழ்கிற வகையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம்.

ஆண்பிள்ளைகள் இப்போதே கைதட்டாதீர்கள். நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டை இடுமல்லவா? அதுபோல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் கௌபேர்ட் என்ற பறவையும் அங்கே உண்டு. கூடு கூடாகத் தேடி நினைவில் வைப்பது பெண். 1993இல் அளந்தபோது பெண்ணுக்குத்தான் பெரிது. யார் அலைய வேண்டியிருக்கிறதோ அவருக்கே அந்த மூளை.

மனிதர்களுக்கு வந்தால் கதை இன்னும் சுவை. மேகாலயாவில் காசி மக்களிடம் சொத்து தாய்வழி, பக்கத்தில் வாழும் கார்பி மக்களிடம் தந்தைவழி. இருவரிடமும் நாலு துண்டுப் புதிர் ஒன்றைக் கொடுத்தார்கள். 2011இல் முடிவு வந்தது. கார்பியில் ஆண்கள் வேகம், காசியில் வித்தியாசமே இல்லை. நாஞ்சில்நாட்டிலும் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிற மருமக்கள்வழி இருந்தது, நம் பாட்டிமாரிடம் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன். ஆனால் இங்கே சாவிக்கொத்து தாய்மாமன் இடுப்பில்தான் கிடந்தது.

‘மனசு தெரிகிற’ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்சிடோசினை அன்பு ஹார்மோன் என்று பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. பிரசவத்திலும் பாலூட்டலிலும் அதன் வேலை பெரியது. ஆனால் நம்மவர் மேல் பாசத்தைக் கூட்டுகிற அதே சரக்கு, அடுத்தவரைத் தள்ளி வைக்கவும் செய்யலாம் என்று சில சோதனைகள் காட்டுகின்றன. டெஸ்டோஸ்டீரோன் சண்டைக்கார ஹார்மோன் என்கிறோம். சூரிச்சில் பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பணம் பங்குபோடச் சொன்னார்கள். 2010இல் வெளியான முடிவு இது: உண்மையில் வாங்கியவர்கள் நியாயமாகவே பங்கு போட்டார்கள். ஹார்மோன் கிடைத்ததாக நம்பியவர்கள்தான், உள்ளே போனது போலி மருந்தானாலும், கஞ்சத்தனம் காட்டினார்கள்.

இங்கே பின்னால் நிற்கிற அம்மாமாரில் கடவம், அதாவது மீன் கூடை, சுமந்து விற்றவர்கள் உண்டு. எந்த முடுக்கில் நுழைந்தால் வெயில் படாது, எந்த வீட்டில் சாளை வாங்குவார்கள், எந்த வீட்டில் போன வாரப் பாக்கி, எல்லாம் காகிதம் இல்லாமல் தலைக்குள் இருக்கும். இவர்களை எந்த ஸ்கேனும் பார்த்ததில்லை.

என் கதையோடு முடிக்கிறேன். அப்பா என்னை மூன்று வருஷம் கட்டுமரத்தில் ஏற்றினார். “எலே, கணியம் வருதா பாரு” என்பார். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பேன். கடைசிவரை பிடிபடவில்லை, வாத்தியாராகிவிட்டேன். என் தங்கச்சி கரையில் நின்றபடியே எந்த மரம் யாருடையது என்று பாய் விரிகிற தோரணையில் சொல்லிவிடுவாள். அவளை அப்பா ஒரு நாளும் ஏற்றவில்லை. அப்பா போன பிறகு ஒரு நாள் கேட்டாள், “அண்ணா, அந்தப் பாருக்கு எந்தக் கோபுரம், எந்தத் தென்னை?” கோபுரம் ஞாபகம் இருந்தது. தென்னை ஞாபகம் வரவில்லை. அந்தப் பார் எங்கே கிடக்கிறது என்று இன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.