துள்ளும் கையெழுத்து எழுத்துரு: எங்கே பயன்படுத்தலாம்?

[திரையில்: "வாருங்கள், விளையாடலாம்!" என்ற வரி முதலில் சாதாரண அச்செழுத்திலும், அடுத்து துள்ளலான கையெழுத்து எழுத்துருவிலும் தோன்றுகிறது.]

குரல்: சொற்கள் மாறவில்லை, ஆயினும் முதல் வரி அறிவிப்பாகவும் இரண்டாம் வரி அழைப்பாகவும் நமக்குப் படுகிறது. கோடுகளின் தடிப்பு சீராக இல்லாததும், எழுத்துகள் அடிக்கோட்டிலிருந்து சற்றே ஏறி இறங்குவதும், எழுதிய கை ஒன்று இருப்பதை உணர்த்துகின்றன.

[திரையில்: பேச்சுக் குமிழியில் ஒரு நாய்.]

குரல்: இவ்வகையில் மிகவும் அறியப்பட்ட காமிக் சான்ஸ் எழுத்துருவை வின்சென்ட் கொனேர் 1994-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் வடிவமைத்தார். மைக்ரோசாஃப்ட் பாப் என்ற மென்பொருளில் கார்ட்டூன் நாய் ஒன்று டைம்ஸ் நியூ ரோமன் என்ற முறையான அச்செழுத்தில் பேசுவதைக் கண்டு, அது பொருந்தவில்லை எனக் கருதிய அவர், காமிக்ஸ் புத்தகங்களின் கையெழுத்தைப் பார்த்துப் புதிய வடிவங்களை வரைந்தார். அந்த மென்பொருளில் அது இடம்பெறவில்லை. பின்னர் விண்டோஸ் கணினிகள் வழியே உலகெங்கும் பரவி, பேச்சுக் குமிழிக்குச் சற்றும் தொடர்பில்லாத எச்சரிக்கைப் பலகைகளிலும் ஏறியது. பலருக்கு அதன் மீது எழுந்த வெறுப்புக்கு வடிவத்தைவிட இந்த இடம் தவறிய பயன்பாடே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

[திரையில்: "பட்டம்" என்ற சொல், இரண்டு "ட" எழுத்துகளும் வட்டமிடப்படுகின்றன.]

குரல்: கையால் எழுதும்போது ஒரே எழுத்து இருமுறை அச்சு அசலாக அமைவதில்லை. எழுத்துருவிலோ அது ஒவ்வொரு முறையும் அதே வடிவில் திரும்ப வருவதால், கையெழுத்து என்ற மயக்கம் உடனே கலைந்துவிடுகிறது. இதற்காகவே நல்ல வடிவமைப்பாளர்கள் ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்களை வரைகின்றனர். பக்கத்து எழுத்தைப் பொறுத்து அவற்றை மாற்றி மாற்றி இடும் வசதி ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்புத் தொழில்நுட்பத்தில் உண்டு. மென்பொருளில் அவ்வசதி அணைந்திருந்தால் அந்த உழைப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாமலே போகும் என்பதால், வேலையைத் தொடங்குமுன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

[திரையில்: சிறுவர் புத்தக அட்டை, வாழ்த்து அட்டை, பொட்டலத்தின் மேலுறை.]

குரல்: பெரிய அளவில், சில சொற்களுக்கு மட்டும் பயன்படும்போதே இவ்வகை எழுத்துரு ஒளிர்கிறது. பத்திகளில் இட்டால், தலைப்பில் இனிமையாக இருந்த அதே ஏற்ற இறக்கம் வாசிக்கும் கண்ணைக் களைப்படையச் செய்கிறது. ஆகவே பத்திகளுக்கு அமைதியான எழுத்துரு ஒன்றைத் துணைக்கு வையுங்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று இணையும் வகையாயின், இடைவெளியைக் கூட்டாதீர்கள். இணைப்புக் கோடுகள் அறுந்துவிடும்.

[திரையில்: "ர", "ா" இரண்டும் அருகருகே.]

குரல்: தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது கூடுதல் கவனம் தேவை. ரகரத்தின் அடிச்சாய்வு மங்கினால் அது துணைக்காலாகத் தெரியும். புள்ளி சிறுத்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ணகர னகரச் சுழிகள் ஒட்டிக்கொண்டால் சொல்லே மாறிவிடும். நீங்கள் அச்சிடப்போகும் தலைப்பையே அதன் உண்மையான அளவில் அமைத்து, அதை முன்பு பார்த்திராத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ, அந்த எழுத்துக்கு மாற்று வடிவம் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில், வேறு எழுத்துருவைத் தேடுங்கள்.